ஆப் சர்வர் கீழே, டிபி சர்வர் மாடியில்: நடுவில் எங்கே அறுகிறது?

நான் புரிந்துகொண்டபடி உங்கள் கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளி மொத்தக் கடை. இதுவரை ஒரே கம்ப்யூட்டரில் ஓடிய பில்லிங், ஸ்டாக் சாஃப்ட்வேரை இப்போது இரண்டாகப் பிரிக்கிறீர்கள். சாஃப்ட்வேர் கீழ்த்தளத்தில் ஒரு சர்வரில் (ஆப் சர்வர்), டேட்டாபேஸ் மாடியில் இன்னொரு சர்வரில் (டிபி சர்வர்), அது மைக்ரோசாஃப்டின் இலவச டேட்டாபேஸ் சாஃப்ட்வேரான எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் 2019. எல்லா மெஷினுக்கும் பொதுவாக யூசர்களை நிர்வகிக்கும் டொமைன் கிடையாது, ஒவ்வொரு மெஷினும் தன் யூசர்களைத் தானே வைத்துக்கொள்ளும் வெறும் ஒர்க்குரூப். இன்ஸ்டாலர் டிபி சர்வர் எது என்று கேட்ட இடத்தில் ஐபி எண்ணும், பின்சாய்கோடு போட்டு எஸ்க்யூஎல்எக்ஸ்பிரஸ் என்ற இன்ஸ்டன்ஸ் (அந்த மெஷினில் ஓடும் எஸ்க்யூஎல் சர்வரின் ஒரு பிரதி) பெயரும் கொடுத்தீர்கள். எர்ரர் 26 வந்தது. மாடி சர்வரில் ஃபயர்வாலை அணைத்ததும் இன்ஸ்டாலேஷன் முடிந்தது, டேட்டாபேஸும் உருவானது, ஆனால் சாஃப்ட்வேரின் சர்வீஸ் (பின்னணியில் ஓடும் பகுதி) ஸ்டார்ட் ஆகாமல் 18456, லாகின் ஃபெயில்டு. சாஃப்ட்வேர்காரர் ரிமோட்டில் வந்து ஏதோ செய்து ஓடவைத்துவிட்டுப் போனார், என்ன செய்தார் என்று சொல்லவில்லை. மறுநாள் கரண்ட் போய் வந்ததும் மறுபடி எர்ரர் 26. சாஃப்ட்வேர்காரர் நெட்வொர்க்தான் கோளாறு என்கிறார், நெட்வொர்க் பையன் பிங் போகிறதே, சாஃப்ட்வேர்தான் என்கிறான். முதலாளி உங்களைப் பார்க்கிறார்.

நீங்கள் கேட்டது "எப்படிச் சரி செய்வது" என்று. உண்மையில் கேட்க வந்தது "யார் சொல்வது சரி" என்பதுதான் என்று நினைக்கிறேன். இருவர் சொல்வதும் பாதி சரி, ஏனென்றால் இது ஒரு கோளாறு இல்லை, மூன்று: முதல் நாள் 26, பிறகு 18456, கரண்ட் போய் வந்ததும் வந்த 26. மூன்றும் திரையில் "கனெக்ட் ஆகவில்லை" என்று ஒரே குரலில் பேசுவதால் ஒன்றைச் சரி செய்ததும் இன்னொன்று வந்து நிற்கிறது, நீங்கள் பழைய கோளாறே போகவில்லை என்று நினைத்துக்கொள்கிறீர்கள். 26 போய் 18456 வந்தபோது வேலை கெடவில்லை, முன்னேறியிருந்தது. 18456 என்பது டேட்டாபேஸ் சர்வரே திருப்பிச் சொல்கிற பதில். அந்தப் பதில் வந்துவிட்டால் ஒயர், சுவிட்ச், போர்ட், ஃபயர்வால் எல்லாம் அந்த நிமிடத்துக்குச் சரியாக இருந்தன என்று அர்த்தம். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆலைகள், ஆஸ்பத்திரிகள், கடைகளுக்கு இந்த மாதிரி இரண்டு சர்வர் வேலைகளைப் பல வருடமாகச் செய்துகொண்டிருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். உங்கள் சாஃப்ட்வேர் எது என்று எனக்குத் தெரியாது, அதனால் அதன் உள்விவகாரத்தைத் தொடமாட்டேன். எஸ்க்யூஎல் சர்வர் பக்கம் எது நிச்சயம், எது என் ஊகம் என்று பிரித்தே எழுதுகிறேன்.

பிங்கை முதலில் ஓரங்கட்டிவிடுவோம். பிங் போகிறது என்றால் அந்த ஐபி எண்ணில் ஏதோ ஒரு சாதனம் உயிரோடு இருக்கிறது என்பது மட்டுமே நிச்சயம். ரிமோட் டெஸ்க்டாப் போகிறது என்றால் 3389 என்ற போர்ட் (ஒவ்வொரு சேவைக்கும் மெஷினில் இருக்கும் எண் போட்ட வாசல்) திறந்திருக்கிறது. எஸ்க்யூஎல் சர்வர் பேசுவது வேறு போர்ட்டில், அதைப் பற்றி இந்த இரண்டுமே ஒன்றும் சொல்வதில்லை. அதேபோல மாடி சர்வரிலேயே உட்கார்ந்து எஸ்க்யூஎல் சர்வரை நிர்வகிக்கும் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் கனெக்ட் செய்து பார்த்தேன், வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் சாட்சி ஆகாது. ஒரே கம்ப்யூட்டருக்குள் பேசும்போது அது ஷேர்டு மெமரி வழியாகவே போய்விடும், நெட்வொர்க்கைத் தொடவே தொடாது. சோதனை எதுவானாலும் கீழ்த்தளத்து ஆப் சர்வரிலிருந்துதான் செய்ய வேண்டும். இன்னும் சொன்னால், சர்வீஸ் எந்த அக்கவுண்டில் ஓடுகிறதோ அந்த அக்கவுண்டில், சாஃப்ட்வேர் டேட்டாபேஸோடு பேச எந்த டிரைவரைப் பயன்படுத்துகிறதோ அதே டிரைவரில். அட்மினிஸ்ட்ரேட்டராக நுழைந்து நீங்கள் செய்யும் சோதனை பாஸ் ஆவதும் சர்வீஸ் ஃபெயில் ஆவதும் ஒரே நேரத்தில் நடக்கக்கூடியவை, இதில் முரண்பாடே இல்லை.

இப்போது எர்ரர் 26. இதன் அர்த்தத்தில் சந்தேகம் இல்லை: இன்ஸ்டன்ஸ் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பெயர் வைத்த இன்ஸ்டன்ஸ் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று கிளையன்டுக்கு முன்கூட்டியே தெரியாது, எக்ஸ்பிரஸ் பதிப்பில் அது பெரும்பாலும் தானாக ஒதுக்கப்பட்ட ஒரு எண்ணாக இருக்கும். அதனால் முதலில் யுடிபி 1434-இல் (யுடிபி, டிசிபி இரண்டும் நெட்வொர்க்கில் பேசும் இரண்டு முறைகள்) எஸ்க்யூஎல் பிரவுசர் என்ற சர்வீஸைக் கேட்கிறது. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, திருச்சி பஸ் எந்த பிளாட்பாரம் என்று விசாரணையில் கேட்கிற மாதிரி. விசாரணையில் ஆள் இல்லை என்றால் பஸ் நின்றுகொண்டிருந்தாலும் நீங்கள் ஏறமாட்டீர்கள். 26 என்பது அந்த நிலை: பிரவுசர் ஓடவில்லை, அல்லது 1434 அடைக்கப்பட்டிருக்கிறது, அல்லது நீங்கள் கேட்பதே வேறு மெஷினை. முதல் தடவை ஃபயர்வாலை அணைத்ததும் வழி திறந்தது என்றால் அன்று 1434 அடைபட்டிருந்தது என்பது உறுதி. கூடவே பிரவுசர் அன்று ஓடிக்கொண்டிருந்தது என்பதும் உறுதி, இல்லாவிட்டால் ஃபயர்வாலை அணைத்தும் பலன் இருந்திருக்காது.

கரண்ட் போய் வந்த பிறகு அதே 26 ஏன்? இங்கே உறுதி போய் ஊகம் வருகிறது, ஆனால் ஊகத்தைச் சுருக்க முடியும். எக்ஸ்பிரஸ் போடும்போது பிரவுசர் சர்வீஸ் பெரும்பாலும் தானாக ஸ்டார்ட் ஆகும்படி அமைவதில்லை. நீங்களோ சாஃப்ட்வேர்காரரோ அன்று கையால் ஸ்டார்ட் செய்திருந்தால், மெஷின் அணைந்து எழுந்ததும் அது மறுபடி படுத்திருக்கும். என் முதல் சந்தேகம் இதன் மேல்தான். சர்வீசஸ் பட்டியலில் எஸ்க்யூஎல் சர்வர் பிரவுசர் ஓடுகிறதா, ஸ்டார்ட்அப் டைப் ஆட்டோமேட்டிக்கா என்று பாருங்கள், அரை நிமிட வேலை. இரண்டாவது, ஐபி எண். மாடி சர்வருக்கு நிலையான ஐபி கொடுக்காமல் ரவுட்டர் கொடுத்ததையே வைத்திருந்தால், கரண்ட் போய் ரவுட்டரும் சேர்ந்து எழும்போது வேறு எண் கிடைத்திருக்கலாம். "பழைய ஐபிக்கு பிங் போகிறதே" என்று நெட்வொர்க் பையன் சொன்னால், பதில் சொல்வது உங்கள் சர்வர்தானா என்று கேளுங்கள். அந்த எண்ணை இப்போது கடைப் பையனின் மொபைலோ பிரிண்டரோ எடுத்துக்கொண்டிருக்கலாம், மொபைலும் பிங்குக்கு அழகாகப் பதில் சொல்லும். மாடி சர்வரிலேயே ஐபிகான்ஃபிக் அடித்து எண்ணை ஒப்பிடுவதுதான் நேர் வழி.

மூன்றாவது கொஞ்சம் நுணுக்கமானது. ஃபயர்வாலை அணைத்தேன் என்கிறீர்கள், எந்த ஃபயர்வாலை? விண்டோஸில் டொமைன், பிரைவேட், பப்ளிக் என்று மூன்று புரொஃபைல் உண்டு, தனித்தனி சுவிட்ச். அன்று நெட்வொர்க் பிரைவேட் என்று பதிவாகியிருந்து, நீங்கள் பிரைவேட்டை மட்டும் அணைத்திருந்தால், கரண்ட் வந்தபோது சர்வர் முதலில் எழுந்து ரவுட்டர் பின்னால் எழுந்திருந்தால், விண்டோஸ் அந்த நெட்வொர்க்கை அடையாளம் தெரியாதது என்று பப்ளிக்கில் போட்டுவிடும். பப்ளிக் ஃபயர்வால் முழுசாக நிற்கும். யாரும் எதையும் தொடவில்லை, ஆனால் கதவு அடைந்திருக்கும். "நேற்று வரை ஓடியது சார், ஒண்ணுமே பண்ணலை" என்று வருகிற போன்களில் இது அடிக்கடி வெளியே வரும்.

மூன்றில் எது என்று அடித்துச் சொல்ல இங்கிருந்து என்னால் முடியாது. ஆனால் மூன்றுமே திரும்ப வராத மாதிரி செய்துவிடலாம், அதைத்தான் செய்யச் சொல்வேன். மாடி சர்வருக்கு நிலையான ஐபி கொடுங்கள், அல்லது ரவுட்டரிலேயே அந்த மெஷினுக்கு அந்த எண்ணை ரிசர்வ் செய்யுங்கள். பிறகு எஸ்க்யூஎல் சர்வர் கான்ஃபிகரேஷன் மேனேஜர். 2019-க்கு இது சில மெஷின்களில் ஸ்டார்ட் மெனுவில் தேடினால் கிடைக்காது, ரன் விண்டோவில் எஸ்க்யூஎல்சர்வர்மேனேஜர்15.எம்எஸ்சி என்று அடித்தால் வரும் (ஆங்கில எழுத்தில்தான், நான் ஒலிப்பை எழுதுகிறேன்). அதில் புரோட்டோகால்ஸ் பகுதியில் டிசிபி/ஐபி எனேபிள் ஆகியிருக்க வேண்டும், எக்ஸ்பிரஸில் ஆரம்பத்தில் அது அணைந்தே இருக்கும். அதன் பிராப்பர்ட்டீஸில் ஐபி அட்ரஸஸ் பக்கத்தில் ஐபி1, ஐபி2 என்று ஒரு நீளமான பட்டியல் வரும், அதையெல்லாம் தொடாதீர்கள், கடைசி வரை கீழே இறங்குங்கள், ஐபிஆல் என்று இருக்கும். டைனமிக் போர்ட்ஸ் என்ற இடத்தை முழுக்கக் காலியாக்குங்கள், பூஜ்யம் கூட இருக்கக் கூடாது, பூஜ்யம் என்றால் "நீயே ஒரு எண் எடுத்துக்கொள்" என்று அர்த்தம். டிசிபி போர்ட் என்ற இடத்தில் 1433. அப்புறம் எஸ்க்யூஎல் சர்வர் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள், இதைச் செய்யாமல் மாற்றம் எதுவும் அமலுக்கு வராது. எழுந்ததும், எஸ்க்யூஎல் சர்வர் நடப்பதைக் குறித்துவைக்கும் எர்ரர்லாக் கோப்பைத் திறந்தால் எந்தப் போர்ட்டில் காது வைத்திருக்கிறது என்று அதுவே ஒரு வரி எழுதியிருக்கும்; அந்த வரியில் 1433 வந்தால் பாதி வேலை முடிந்துவிட்டது.

இனி ஆப் சர்வரில் சர்வர் பெயர் கொடுக்கும் இடத்தில் இன்ஸ்டன்ஸ் பெயரை விட்டுவிடுங்கள்: ஐபி எண், ஒரு காற்புள்ளி, 1433. முக்காற்புள்ளி இல்லை, காற்புள்ளி. மற்ற டேட்டாபேஸ்களில் பழகியவர்கள் இங்கே வழுக்குவார்கள். போர்ட்டை இப்படி நேரடியாகச் சொல்லிவிட்டால் பிரவுசர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவலை இல்லை. சில பழைய இன்ஸ்டாலர்கள் அந்தக் கட்டத்தில் காற்புள்ளியை ஏற்காமல் அடம்பிடிக்கும். அப்படியானால் வேறு வழியில்லை, பிரவுசரை ஆட்டோமேட்டிக்கில் வைத்து யுடிபி 1434-ஐயும் திறந்துகொள்ளுங்கள்.

ஃபயர்வாலை இன்றே திரும்ப ஆன் செய்யுங்கள், மூன்று புரொஃபைலிலும். செய்துவிட்டு டிசிபி 1433-க்கு ஒரு இன்பவுண்ட் ரூல் (உள்ளே வரும் இணைப்புக்கு அனுமதி) போடுங்கள், மூன்று புரொஃபைலுக்கும் பொருந்தும்படி, ஆனால் ஸ்கோப் என்ற பக்கத்தில் ஆப் சர்வரின் ஐபி எண் ஒன்றை மட்டும் கொடுங்கள். இதனால் ஆப் சர்வருக்கும் நிலையான ஐபி தேவைப்படும், அதையும் கையோடு செய்துவிடுங்கள். கப்பலூர் குடோனிலிருந்தும் பார்க்க வேண்டும், ரவுட்டரில் 1433-ஐ வெளியே திறந்துவிடலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. இணையத்தில் திறந்து வைத்த 1433-ஐத் தேடி, எஸ்ஏ என்ற முழு அதிகார அக்கவுண்டுக்குப் பாஸ்வேர்ட் அடித்துப் பார்ப்பதற்கென்றே எங்கெங்கோ நிரல்கள் ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. குடோனுக்கு விபிஎன் (இணையத்துக்குள் பாதுகாப்பான ஒரு தனி வழி) போட்டு, அதற்குள் ரிமோட் டெஸ்க்டாப்பில் வேலை செய்யட்டும். பிராட்பேண்ட் வழியாக நேரடியாக டேட்டாபேஸோடு பேசவிட்டால், பாதுகாப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரு பில் திறக்கவே கொட்டாவி வந்துவிடும். இந்த வகை சாஃப்ட்வேர்கள் ஒரு திரைக்கு நூறு தடவை சர்வரோடு போய் வருகிறவை.

எல்லாம் செய்தபின் ஆப் சர்வரிலிருந்து சோதனை. பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் என்ற கட்டளைக்கு ஐபியும் போர்ட் 1433-ம் கொடுங்கள். கடைசி வரியில் ட்ரூ வந்தால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நெட்வொர்க் பையன் அன்றோடு விடுதலை. ஃபால்ஸ் வந்தால்? சாஃப்ட்வேர் காட்டும் எர்ரரின் வாலில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 10061 என்றால் மெஷின் வரை போயிருக்கிறது, அந்தப் போர்ட்டில் கேட்க ஆள் இல்லை. சர்வீஸ் நின்றிருக்கும் அல்லது போர்ட் வேறு. 10060 என்றால் பதிலே இல்லை. இதை உடனே ஃபயர்வால் என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுவார்கள், பெரும்பாலும் சரிதான், ஆனால் விண்டோஸ் ஃபயர்வால் ஆனில் இருந்தால் யாரும் கேட்காத போர்ட்டுக்கு வரும் அழைப்பையும் அது மறுப்புச் சொல்லாமல் விழுங்கிவிடும், அப்போதும் 10060-தான். அதனால் 10060 பார்த்ததும் ஃபயர்வாலை அணைக்கப் போகாமல், மாடி சர்வரில் நெட்ஸ்டாட் அடித்து 1433 லிசனிங் என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த பவர்ஷெல் கட்டளை டிசிபியை மட்டுமே சோதிக்கும் என்பதும் நினைவிருக்கட்டும், யுடிபி 1434 பற்றி இது வாய் திறக்காது.

அடுத்து 18456. இன்ஸ்டாலர் டேட்டாபேஸை உருவாக்கியது, ஆனால் சர்வீஸ் நுழைய முடியவில்லை என்பது முரண் போலத் தோன்றும். இன்ஸ்டாலர் நீங்கள் கொடுத்த எஸ்ஏ அக்கவுண்டில் உள்ளே போனது, சர்வீஸ் தன் சொந்த அக்கவுண்டில் போகப் பார்த்தது. ஒரே மெஷினில் எல்லாம் இருந்தவரை லோக்கல் சிஸ்டம் என்ற அக்கவுண்ட் உள்ளூர்க்காரனாகப் போய் வந்துகொண்டிருந்தது. இரண்டாகப் பிரித்ததும், டொமைன் இல்லாத இடத்தில், அந்த அக்கவுண்டை மாடி சர்வருக்கு யாரென்றே தெரியாது. எர்ரரில் அனானிமஸ் லாகான் என்ற பெயர் வந்திருந்தால் விஷயம் இதுதான், வேறு எதையும் தேட வேண்டாம். நம்பத்தகாத டொமைன் என்று சொல்லும் 18452-ம் இதே குடும்பம். ஒர்க்குரூப்பில் இதற்கு இரண்டு வழி. இரண்டு மெஷினிலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டில் ஒரு விண்டோஸ் யூசர் உருவாக்கி, அந்த யூசரில் சர்வீஸை ஓடவிட்டு, எஸ்க்யூஎல் சர்வரிலும் அந்த யூசருக்கு லாகின் கொடுப்பது ஒன்று. வேலை செய்யும், யாராவது ஒரு மெஷினில் மட்டும் பாஸ்வேர்டை மாற்றும் நாள் வரை. எஸ்க்யூஎல் லாகின் (விண்டோஸைச் சாராமல் எஸ்க்யூஎல் சர்வரிலேயே இருக்கும் பெயரும் பாஸ்வேர்டும்) ஒன்று தனியாக உருவாக்கி அதை சாஃப்ட்வேருக்குக் கொடுப்பது இன்னொன்று. உங்கள் கடைக்கு இதுதான் சரி என்பேன்.

எர்ரரில் வந்த பெயர் ஒரு எஸ்க்யூஎல் லாகின் பெயராக இருந்தால், கிளையன்ட் திரையில் காரணம் தெரியாது. அங்கே எப்போதும் ஸ்டேட் 1 என்றுதான் வரும், வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள், வெளியாள் பெயர் தவறா பாஸ்வேர்ட் தவறா என்று கற்றுக்கொள்ளக் கூடாது என்பதற்காக. உண்மையான எண் மாடி சர்வரின் எர்ரர்லாக்கில் அதே நேரத்தில் பதிவாகியிருக்கும். அங்கே ஸ்டேட் 5 என்றால் அப்படி ஒரு லாகினே இல்லை. 8 என்றால் பாஸ்வேர்ட் தவறு. 58 என்றால் சர்வர் விண்டோஸ் லாகின் மட்டும் ஏற்கும் நிலையில் இருக்கிறது, இரண்டு வகை லாகினையும் ஏற்கும் மிக்ஸ்டு மோடுக்கு மாற்றி சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். 38 என்றால் ஆள் சரி, கேட்ட டேட்டாபேஸைத் திறக்க முடியவில்லை. நான் பார்த்த பல கடைகளில் வாரக்கணக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த விஷயம் இந்த ஒரு எண்ணில் முடிந்திருக்கிறது, அதுவரை யாரும் அந்தக் கோப்பைத் திறந்ததில்லை, அவ்வளவுதான்.

உங்கள் சாஃப்ட்வேர்காரர் என்ன செய்து ஓடவைத்தார் என்பது இனி ஊகம். கான்ஃபிக் கோப்பில் எஸ்ஏவையே பாஸ்வேர்டோடு எழுதிவிட்டுப் போயிருப்பார் என்று பந்தயம் கட்டுவேன். அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். எஸ்ஏ இருந்தால் அவரிடமே கேட்டுத் தனி லாகின் போடுங்கள், அப்டேட் சமயத்துக்குக்கூட அந்த ஒரு டேட்டாபேஸில் டிபி ஓனர் (அதற்குள் மட்டும் முழு அதிகாரம்) போதும். "எஸ்ஏ இல்லாவிட்டால் ஓடாது" என்று சொல்கிற சாஃப்ட்வேர்காரர்கள் உண்டு; டேட்டாபேஸை புதிதாக உருவாக்கும் நேரத்தில் அது ஓரளவு நியாயம், தினமும் பில் போட அது தேவை என்றால் அவர்கள் எழுதிய விதத்தில்தான் ஏதோ கோளாறு.

பழைய கம்ப்யூட்டரின் டேட்டாவை பேக்கப் எடுத்து மாடி சர்வரில் ரீஸ்டோர் செய்யப் போகிறீர்கள் அல்லவா, அங்கே ஒன்று காத்திருக்கிறது. லாகின் என்பது சர்வர் மட்டத்தில், யூசர் என்பது டேட்டாபேஸுக்குள். ரீஸ்டோர் செய்தால் யூசர் வரும், லாகின் வராது. நீங்கள் அதே பெயரில் புது லாகின் போட்டாலும் உள்ளே இருக்கும் அடையாள எண் பொருந்தாது. பெயர் ஒன்றாகத் தெரியும், ஆனால் 4060 என்று டேட்டாபேஸைத் திறக்க மறுக்கும். ஆல்டர் யூசர் கட்டளையில் வித் லாகின் என்று சேர்த்து இரண்டையும் இணைத்தால் தீர்ந்தது. ரீஸ்டோரில் கொடுக்கிற பாதையும் மாடி சர்வரின் டிஸ்க்கைக் குறிக்கும், நீங்கள் உட்கார்ந்திருக்கும் மெஷினை இல்லை. ஆபரேட்டிங் சிஸ்டம் எர்ரர் 3 என்றால் அந்த ஃபோல்டர் அங்கே இல்லை, 5 என்றால் இருக்கிறது, எஸ்க்யூஎல் சர்வீஸ் அக்கவுண்டுக்கு அதில் அனுமதி இல்லை.

இதே காரணத்தால் உங்கள் தினசரி பேக்கப்பை இன்று மாலையே பாருங்கள். ஒரே கம்ப்யூட்டராக இருந்தபோது சாயங்காலம் பென்டிரைவ் சொருகி சாஃப்ட்வேரில் பேக்கப் பொத்தானை அழுத்தியிருப்பீர்கள், ஈ டிரைவில் போய் விழுந்திருக்கும். இப்போது அந்த ஈ என்பது மாடி சர்வரின் ஈ. அங்கே அப்படி ஒரு டிரைவ் இருந்தால் பேக்கப் சத்தமில்லாமல் அங்கே போகும், பென்டிரைவில் பழைய கோப்பு மட்டும் இருக்கும். இல்லாவிட்டால் எர்ரர் வர வேண்டும், ஆனால் அதை விழுங்கிவிட்டு "வெற்றி" என்று காட்டும் சாஃப்ட்வேர்களைப் பார்த்திருக்கிறேன். எக்ஸ்பிரஸில், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் எஸ்க்யூஎல் ஏஜென்ட்டும் கிடையாது, எனவே தானியங்கி பேக்கப் வேண்டுமென்றால் விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் எஸ்க்யூஎல்சிஎம்டி என்ற கட்டளையை வைத்து ஓட்ட வேண்டும்.

தேதி விஷயம் ஒன்று, இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விட இதில்தான் பயம். புது எஸ்க்யூஎல் சர்வரில் போடும் லாகினின் டீஃபால்ட் மொழி பெரும்பாலும் அமெரிக்க ஆங்கிலம், அது தேதியை மாதம்-நாள்-வருடம் என்று படிக்கும். பழைய மெஷினில் யாரோ அதை பிரிட்டிஷ் ஆங்கிலம் என்று மாற்றி வைத்திருந்திருக்கலாம், அந்த அமைப்பு லாகினோடு சேர்ந்தது என்பதால் ரீஸ்டோரில் வராது. சாஃப்ட்வேர் தேதியை நாள்/மாதம் என்று எழுத்தாக அனுப்புகிற வகை என்றால், ஏப்ரல் 14 அன்று பில் போட்டால் 14-ஆவது மாதம் ஏது என்று எர்ரர் வரும். அது நல்லது, தெரிந்துவிடும். ஏப்ரல் 5 அன்று போட்டால் எர்ரர் வராது, மே 4 என்று பதிவாகிவிடும். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும்போதுதான் கணக்கர் வந்து கத்துவார். உங்கள் சாஃப்ட்வேர் இந்த வகையா என்று எனக்குத் தெரியாது, ஆனால் சோதிப்பது சுலபம்: 12-ஆம் தேதிக்குள் உள்ள ஒரு தேதியில் டெஸ்ட் பில் ஒன்று போட்டு, மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் நேரடியாக அந்த டேபிளைத் திறந்து மாதத்தைப் பாருங்கள். மாறியிருந்தால் லாகினின் டீஃபால்ட் மொழியை மாற்றினால் போதும், ஆனால் முதல் நாளே செய்ய வேண்டும்.

இன்னும் இரண்டு எர்ரர்கள் உங்களுக்கு இப்போது இல்லை, வரக்கூடும், அதனால் சுருக்கமாக. டேட்டா சோர்ஸ் நேம் நாட் ஃபவுண்ட் என்று வந்தால், ஓடிபிசி (சாஃப்ட்வேரை டேட்டாபேஸோடு இணைக்கும் ஒரு முறை) அமைப்பை 64 பிட் பக்கம் செய்திருப்பீர்கள், சாஃப்ட்வேர் 32 பிட்டாக இருக்கும். 32 பிட்டுக்கான ஓடிபிசி திரை, பெயருக்கு நேர்மாறாக, சிஸ்வாவ்64 ஃபோல்டருக்குள் இருக்கிறது. சர்டிஃபிகேட் நம்பத்தகாதது என்று வந்தால், 2022-இல் வந்த ஓடிபிசி டிரைவர் 18 முதல் என்கிரிப்ஷன் தானாகவே கட்டாயமாகிவிட்டது, உங்கள் சர்வரிலோ தானே கையெழுத்திட்ட சர்டிஃபிகேட்தான் இருக்கிறது. கடைக்குள் இருக்கும் நெட்வொர்க்கில் ட்ரஸ்ட் சர்வர் சர்டிஃபிகேட் என்பதைத் தற்காலிகமாக ஆன் செய்து சமாளிக்கலாம், முறையான சர்டிஃபிகேட் போடுவதுதான் நிரந்தர வழி.

கரண்ட் விஷயத்துக்குத் திரும்பினால், இரண்டு சர்வர் என்றால் எழும் வரிசை ஒரு பிரச்சினை. மாடி சர்வர் எழுந்து டேட்டாபேஸை ரிக்கவரி செய்து முடிக்கும் முன்பே கீழே ஆப் சர்வீஸ் ஸ்டார்ட் ஆகப் பார்த்து, முடியாமல் நின்றுவிடும். விண்டோஸில் ஒரு சர்வீஸ் இன்னொன்றுக்காகக் காத்திருக்கும்படி சொல்லலாம், ஆனால் ஒரே மெஷினுக்குள் மட்டும்தான். அதனால் ஆப் சர்வீஸை டிலேய்டு ஸ்டார்ட்டில் போட்டு, ரிக்கவரி பக்கத்தில் மூன்று முறையும் ரீஸ்டார்ட் என்று கொடுங்கள். மாடி சர்வரின் பயாஸில், கரண்ட் திரும்பினால் தானாக ஆன் ஆகும் அமைப்பைப் போடுங்கள். சுவிட்சையும் யுபிஎஸ்ஸில் சொருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். மேலூர் பக்கம் ஓர் அரிசி ஆலையில் இரண்டு சர்வருக்கும் பெரிய யுபிஎஸ் வாங்கி வைத்துவிட்டு, நடுவில் இருக்கும் எட்டு போர்ட் சுவிட்சைச் சுவரில் சொருகியிருந்தார்கள். கரண்ட் போகிற ஒவ்வொரு தடவையும் இரண்டு சர்வரும் உயிரோடு இருந்துகொண்டு ஒன்றையொன்று காணவில்லை என்று எழுதிக்கொண்டிருந்தன. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் பகுதிக்கு எப்போது என்று பேப்பரில் வரும், அன்று கடையில் இருங்கள். சாயங்காலம் கரண்ட் வந்ததும் யாரும் எதையும் தொடாமல் பில் போட முடிகிறதா என்று பார்த்துவிட்டால், இந்த அமைப்பு தேறியதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

கேட்காத ஒரு கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வேகத்துக்காகத்தான் இரண்டாகப் பிரித்தீர்கள் என்றால் எக்ஸ்பிரஸில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்காதீர்கள். 2019 எக்ஸ்பிரஸ் டேட்டா கேஷுக்கு 1,410 எம்பிதான் எடுத்துக்கொள்ளும், நான்கு கோருக்கு மேல் தொடாது, நீங்கள் 32 ஜிபி போட்டு வைத்திருந்தாலும். ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபிக்கு மேல் வளரவும் விடாது. டேட்டாவைத் தனியே பத்திரமாக வைக்க வேண்டும் என்பது நோக்கமென்றால் பிரித்தது நியாயம்தான்.

நேரம் கிடைக்கும்போது இவற்றைப் பார்த்து எழுதுங்கள்: பிரவுசர் சர்வீஸ் ஓடுகிறதா, மாடி சர்வரின் இப்போதைய ஐபியும் சாஃப்ட்வேரில் இருக்கும் ஐபியும் ஒன்றா, நெட்வொர்க் பிரைவேட்டா பப்ளிக்கா, 18456 வந்த நேரத்தில் எர்ரர்லாக்கில் இருந்த ஸ்டேட் எண்ணும் யூசர் பெயரும். கான்ஃபிக் கோப்பை அப்படியே ஒட்டுவதாக இருந்தால் பாஸ்வேர்ட் வரியை அழித்துவிட்டு ஒட்டுங்கள்.